கோக்கிக்கு உண்டு, பரிசாரகனுக்கு இல்லை!
அயல்நாட்டில் உழைத்த உழைப்பு நிரந்தர வதிவிடமாக மாறும் வழி

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரத்தில், வாழைச்சேனைக்கும் கல்குடாவுக்கும் அண்மையிலே, பிறைபோல் வளைந்து கிடக்கின்றது பாசிக்குடாக் கடல். கரையிலிருந்து நெடுந்தூரம் இடுப்பளவு நீரிலேயே நடந்து செல்லலாம். அலையென்று சொல்லத்தக்க அலையும் இல்லை. இக்கரையிலே முன்னொருகால் இருந்த ஹோட்டல்கள் யுத்த காலத்திலே பாழடைந்தன. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் இம்மாவட்டத்தை அலைக்கழித்தவை. 2009க்குப் பின்னர் நிலைமை மாறியது. பெரிய பெரிய ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தன. கல்குடா, பேத்தாழை, வாழைச்சேனை, ஓட்டமாவடி முதலிய ஊர்களின் இளைஞர் பலர் அவற்றிலே வேலைக்கு அமர்ந்தனர். மீன்பிடியும் வேளாண்மையும் கடதாசி ஆலை வேலையும் அறிந்திருந்த குடும்பங்களிலே, 'கோக்கி' என்றும் 'பரிசாரகன்' என்றும் 'அறை பராமரிப்பவன்' என்றும் புதிய உத்தியோகங்கள் நுழைந்தன.

இக்கரையிலே தொழில் பழகிய பிள்ளைகள் இங்கேயே நின்றுவிடுவதில்லை என்பதைப் பெற்றோர் நன்கறிவர். வாடைக்காற்று வீசும் மாதங்களில் ஹோட்டல் அறைகள் வெறிச்சோடுகின்றன. சேவைக் கட்டணம் குறைகின்றது. அப்பொழுது பையனின் கண் கடலுக்கு அப்பால் செல்கின்றது. முதலில் மாலைதீவு, பிறகு டுபாயோ கட்டாரோ, அதற்கும் அப்பால் கனடா, அவுஸ்திரேலியா, யப்பான். தங்கைக்கு வீடு கட்டவேண்டும் என்ற கவலை எங்கள் பகுதி அண்ணன்மாரை விட்டு நீங்குவதில்லை. கலியாணமென்றால் பெண்ணுக்கு வீடு என்பது மட்டக்களப்பு வழமை. அந்த வீட்டின் கல்லும் சீமெந்தும் பெரும்பாலும் அண்ணன் தலையிலேதான் ஏறுகின்றன.

இக்கட்டுரையிலே நான் பேச எடுத்துக்கொண்டது பிரயாணத்தைப் பற்றி அன்று. பிரயாணத்தின் முடிவைப் பற்றி. ஓர் அந்நிய நாட்டிலே பல்லாண்டு உழைத்தவனுக்கு, அந்த நாடு 'இனி நீ இங்கேயே இருக்கலாம்' என்று சொல்லுமா? எந்த உழைப்பைப் பார்த்துச் சொல்லும்? எதைப் பார்த்துச் சொல்லாது? இவ்வினாவுக்கு விடை தெரியாமலேயே எங்கள் பிள்ளைகளிற் பெரும்பாலானோர் விமானம் ஏறுகின்றனர்.

வளைகுடா நாடுகளின் கணக்கு எளிது. அங்கே இருபத்தைந்து ஆண்டு உழைத்தாலும் உழைப்பின் காரணமாக நிரந்தர வதிவிடம் கிடைப்பதில்லை. வதிவிட அனுமதி வேலையோடு பிணைக்கப்பட்டது; வேலை முடிந்தால் அதுவும் முடிந்தது. சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் 2019ஆம் ஆண்டு முதலாக நீண்டகால வதிவிட அனுமதிகளை வழங்கி வருகின்றன என்பது உண்மையே. ஆனால் அவை பெருஞ்செல்வர்க்கும் முதலீட்டாளருக்கும் உயர்தொழில் வல்லுநருக்கும் உரியவை. ஹோட்டல் அடுப்படியில் நிற்பவனை நோக்கி அமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே அந்த நாடுகளுக்குச் செல்பவன் பணத்துக்காகச் செல்கிறான், பணத்தோடு திரும்புகிறான். இதில் மயக்கம் ஒன்றுமில்லை. ஒருவகையில் இது நேர்மையான ஏற்பாடு என்றுகூடச் சொல்வேன். மயக்கம் மற்ற நாடுகளிலேதான்.

தமிழருக்கு இவ்விஷயம் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தவர் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் எழுதுவினைஞராயும் கணக்காளராயும் அமர்ந்தனர். அக்காலத்தில் இரண்டு நாடுகளும் ஒரே சாம்ராச்சியத்தின் கீழ் இருந்தபடியால், இன்று கேட்கப்படும் பத்திரங்களில் ஒன்றுகூடக் கேட்கப்படவில்லை. உழைத்தார்கள், வீடு வாங்கினார்கள், அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறான கதையொன்று எங்கள் தீவிலேயே நிகழ்ந்தது. மலையகத் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாய் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழருக்கு 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. ஆனால் எத்தனை மூட்டை கொழுந்து பறித்தாய் என்று அது கேட்கவில்லை. 1946 ஜனவரி 1ஆந் தேதிக்கு முன்னர், மணமானவராயின் 7 ஆண்டுகளும் மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வசித்ததற்கு அத்தாட்சி கேட்டது. பிறப்புப் பத்திரமோ வேறு எழுத்தோ இல்லாத ஏழைத் தொழிலாளர், உழைத்தது உண்மையாயிருந்தும் நிரூபிக்க முடியாமல் நின்றனர். 1964 ஒக்ரோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, நாடற்றவர் என்று கணக்கிடப்பட்டோர் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் மனிதரைப் பங்கிட்டார்கள். எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. உழைப்பு வேறு, உழைத்ததற்கான அத்தாட்சி வேறு என்பதை இதைவிடக் கசப்பாக எடுத்துரைக்கும் வரலாறு எங்களிடம் இல்லை. கனடாவைப் பற்றிச் சொல்லுமுன் இதனை நினைவூட்டியது காரணத்தோடுதான்.

கனடா போட்ட கணக்கு

குடியேற விரும்புவோரை அவர்தம் கல்வி, மொழி, வயது, தொழில் இவற்றுக்குப் புள்ளியிட்டுத் தெரிவுசெய்யும் முறையைக் கனடா 1967ஆம் ஆண்டில் ஆரம்பித்தது. 1983க்குப் பின்னர் எங்கள் மக்கள் ஆயிரமாயிரமாய் அங்கே சென்றது இந்த வழியாலன்று. அவர்கள் அகதிகளாகச் சென்றவர்கள். ரொறன்ரோவிலே இன்று காணப்படும் தமிழ்க் கடைகளுக்கும் கோயில்களுக்கும் அடித்தளமிட்டவர் பெரும்பாலும் அவர்களே. எனவே 'மாமா போனதுபோல் நானும் போவேன்' என்று கூறும் மருமகன், மாமா சென்ற வாயிலும் தனக்குரிய வாயிலும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

மருமகனுக்குரிய வாயில் 2008ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அதன் பெயர் 'கனடிய அனுபவ வகுப்பு'. தற்காலிக அனுமதியோடு வந்து, சட்டப்படி வேலை செய்து, அந்த நாட்டின் பழக்கவழக்கங்களையும் மொழியையும் அறிந்துகொண்டவனை வெளியே அனுப்பிவிட்டு, அவற்றை அறியாத புதியவனை வெளியிலிருந்து கொண்டுவருவானேன் என்ற எளிய நியாயமே அதன் உள்ளீடு. தொடக்கத்தில் தொழிலாளருக்கு இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கப்பட்டது. 2013இலே அது ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. 2015 ஜனவரி முதலாக இவ்வகுப்பும் வேறு இரண்டு வகுப்புகளும் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' என்ற பொது முறைக்குள் வந்தன.

ஓராண்டு என்றால் என்ன? இங்கேதான் மாணவர்கள் பென்சிலை எடுக்கவேண்டும். வாரத்துக்கு 30 மணித்தியாலம் வீதம் 52 வாரம். ஆக 1,560 மணித்தியாலங்கள். ஒருவன் ஆசையோடு வாரத்துக்கு 60 மணித்தியாலம் உழைத்து, 'ஆறு மாதத்திலேயே 1,560 ஆகிவிட்டது' என்று மகிழ்ந்தானாயின் அது வீண் மகிழ்ச்சி. வாரமொன்றுக்கு 30க்கு மேற்பட்டது கணக்கிலே ஏறாது. அவனுடைய 26 வாரத்துக்குக் கிடைப்பது 780 மட்டுமே. மறுபுறத்தில், வாரம் 15 மணித்தியாலம் வீதம் இரண்டு வருடம் செய்தவனுக்கு 1,560 நிறைந்துவிடுகின்றது. வேலை இடையிடையே விட்டுப்போயிருந்தாலும் பாதகமில்லை. விண்ணப்பத்துக்கு முந்திய மூன்றாண்டுக்குள் அடங்கினால் போதும். ஆனால் சொந்தத் தொழில் செய்த காலம் சேராது. முழுநேர மாணவனாயிருந்தபோது பகுதிநேரமாய்ச் செய்த வேலையும் சேராது. அனுமதியின்றிச் செய்த வேலையோ சேராததோடு நில்லாமல் ஆபத்தையும் விளைவிக்கும்.

ஒரே ஹோட்டல், இரண்டு பேர்

இனி இக்கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். பாசிக்குடாவிலே ஒரே ஹோட்டலில் வேலை பழகிய இரண்டு நண்பர்களை மனத்திலே கற்பனை செய்துகொள்வோம். ஒருவன் குசினியிலே கோக்கி. மற்றவன் மேசைக்கு உணவு பரிமாறும் பரிசாரகன். இருவரும் கனடாவிலே ஏதோவொரு நகரத்து உணவகத்தில் சட்டபூர்வமாய் வேலைக்கு அமர்கின்றனர். இருவரும் வருமான வரி செலுத்துகின்றனர். பரிசாரகன் நாள்தோறும் நூறு பேரோடு ஆங்கிலம் பேசுகிறான். கோக்கியோ அடுப்போடு மட்டும் பேசுகிறான். ஓராண்டு கழிந்தபின் கோக்கியின் உழைப்பு 'திறன் தொழில் அனுபவம்'. பரிசாரகனின் உழைப்பு அவ்வாறு எண்ணப்படுவதில்லை.

காரணம் யாதெனில், கனடா எல்லாத் தொழில்களையும் ஒரு பெரிய பட்டியலிலே வகுத்து, ஒவ்வொன்றையும் 0 முதல் 5 வரையான ஆறு படிகளில் ஒன்றிலே வைத்திருக்கின்றது. 2022 நவம்பர் 16 முதல் குடிவரவு அலுவல்களுக்கு வழக்கிலிருக்கும் பகுப்பு இது. 0, 1, 2, 3 ஆகிய படிகளே கனடிய அனுபவ வகுப்புக்கு ஏற்றவை. 4, 5 ஏற்கப்படா. சமையற்காரர் 3ஆம் படி. தலைமைச் சமையல் வல்லுநராகிய 'செஃப்' 2ஆம் படி. பாண், கேக் சுடுபவரும் 3ஆம் படி. ஆனால் பரிசாரகர் 5ஆம் படி. குசினி உதவியாளர் 5ஆம் படி. அறை துப்புரவு செய்பவர் 5ஆம் படி. ஹோட்டல் வரவேற்பு மேசையில் நிற்பவர் 4ஆம் படி. மதுபானம் கலப்பவர் 4ஆம் படி. பரிசாரகன் உயர்ந்து உணவுச்சேவை மேற்பார்வையாளனாகிவிட்டால் 2ஆம் படிக்குத் தாவிவிடுகிறான். துப்புரவுப் பகுதியின் தலைமை வகிப்பவரும் 2ஆம் படியே.

படியைத் தீர்மானிப்பது வேலைக்கு வேண்டிய பயிற்சியும் கல்வியும் பொறுப்புமாம். ஆட்சேபிக்க எனக்கு உரிமையில்லை. அந்த நாட்டார் தம் வீட்டுக்கு விதி செய்கின்றனர். ஆயினும் ஓராசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். விருந்தினர் பன்னிரண்டு பேரின் விருப்பு வெறுப்பை எழுதாமல் நினைவில் வைத்துப் பரிமாறும் பையனுக்குத் திறன் இல்லை என்று எந்தப் பரீட்சகர் தீர்மானித்தாரோ, அவர் ஒருநாளாவது நிறைந்த உணவுக்கூடத்திலே தட்டு ஏந்தி நடந்து பார்த்திருக்க மாட்டார்.

இவ்வளவையும் ஏன் விரிக்கிறேனென்றால், பையன்கள் வேலைப் பெயரைப் பொருட்படுத்துவதில்லை. 'ஹோட்டல் வேலை' என்றால் எல்லாம் ஒன்றென எண்ணுகின்றனர். முகவர் 'குசினியில் வேலை' என்கிறார். அது சமையலா, பாத்திரம் கழுவுவதா? கடிதத்திலே 'சமையற்காரர்' என்று பெயரிட்டுவிட்டு நாள் முழுதும் வெங்காயம் உரிக்கவிட்டால், அந்தப் பெயரும் காப்பாற்றாது. பட்டியலிலே அத்தொழிலுக்குரியனவாகச் சொல்லப்பட்ட பிரதான கடமைகளை உண்மையில் செய்திருக்கவேண்டும் என்பது விதி.

ஒரு தாய் என்னிடம் வந்து கூறிய சொற்கள் இன்னும் செவியில் ஒலிக்கின்றன. "ஆறு வருஷமாப் போச்சு சேர், இன்னும் பேப்பர் வரல்ல. என்ட புள்ள என்ன பிழை செஞ்சான்?" பிள்ளை பிழையொன்றும் செய்யவில்லை. அவன் ஆறு வருடமும் செய்தது 5ஆம் படி வேலை. எத்தனை வருடமாயினும் அது இந்த வாயிலை நோக்கி ஓரடிகூட நகராது என்பதை அவனுக்கு எடுத்துச்சொல்ல ஒருவரும் இருந்திலர். அந்த அம்மாவுக்கு அதை விளங்கவைக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது தேவைப்பட்டது.

புள்ளி என்னும் பெருங்கடல்

ஓராண்டு நிறைந்துவிட்டால் உடனே வதிவிடம் கிடைத்துவிடும் என்று எண்ணுவது அடுத்த மயக்கம். ஓராண்டு என்பது வரிசையில் நிற்பதற்கான தகுதி மட்டுமே. வரிசையிலே ஒவ்வொருவருக்கும் 1,200க்கு எத்தனை புள்ளி என்று கணக்கிட்டு, அதிகம் பெற்றவரை முதலில் அழைக்கின்றனர். 2025ஆம் ஆண்டில் வழக்கிலிருந்த விதிகளைக்கொண்டு ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன்.

நம் கோக்கிக்கு வயது 27, மணமாகாதவன். பள்ளிக்கல்விக்குப் பின் ஓராண்டு டிப்ளோமா உண்டு. கனடிய தரத்துக்கு அதனை ஒப்பிட்ட சான்றும் பெற்றிருக்கிறான். பாசிக்குடாவிலே மூன்றாண்டு சமைத்தவன்; கனடாவிலே ஓராண்டு. ஆங்கிலம் கனடிய மொழித்தர அளவில் 7, அதாவது ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையின் நான்கு பகுதியிலும் 6. வயதுக்கு 110, கல்விக்கு 90, ஆங்கிலத்துக்கு 68, கனடிய அனுபவத்துக்கு 40. பாசிக்குடா அனுபவம் ஆங்கிலத்தோடும் கனடிய அனுபவத்தோடும் சேரும்போது 50. டிப்ளோமா அவ்விரண்டோடு சேரும்போது 26. கூட்டினால் 384.

அதே பையன் ஆங்கிலத்தை 9ஆம் தரத்துக்கு உயர்த்திக்கொண்டால் என்ன ஆகும்? ஆங்கிலத்துக்கு மட்டும் 124. டிப்ளோமாவின் சேர்க்கை 38 ஆகிறது. மொத்தம் 452. பாருங்கள், வேறொன்றும் மாறவில்லை. ஆங்கிலம் ஒன்றினால் 68 புள்ளி ஏறிற்று. பனியிலும் குளிரிலும் ஓராண்டு அடுப்படியில் நின்றதற்குக் கிடைத்த நேர்ப்புள்ளி 40தான்! மாலை வேளையில் ஆங்கில வகுப்புக்கு வா என்றால் 'நான் சமையல்தானே சேர் செய்யப்போகிறேன்' என்று கூறும் மாணவர்களுக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையிலே எழுதிக்காட்டுவது என் வழக்கமாகிவிட்டது.

இரண்டாம் ஆண்டும் உழைத்தால் 477. உடன்பிறந்தார் ஒருவர் அங்கே நிரந்தர வதிவாளராகவோ பிரசையாகவோ வாழ்ந்தால் மேலும் 15, ஆக 492. 2025இலே இந்த வகுப்பினருக்கு விடுக்கப்பட்ட அழைப்புகளில் 500க்கு மேலே வேண்டியிருந்தது. எனவே கரை கண்ணுக்குத் தெரிந்தும் கால் எட்டவில்லை. எட்டவைக்கும் வழிகள் சில உண்டு. ஏதேனும் ஒரு மாகாணம் பரிந்துரைத்தால் 600 புள்ளி சேர்கின்றது. பிரெஞ்சு மொழியில் 7ஆம் தரம் பெற்று, ஆங்கிலமும் 5ஆம் தரத்துக்குக் குறையாதிருந்தால் 50. நாட்டுக்கு வேண்டிய தொழில்களைத் தனியே பிரித்து அழைக்கும் முறை 2023இல் வந்தது. 2025இல் கைத்தொழிற் பிரிவின் பட்டியலிலே சமையற்காரரும் சேர்க்கப்பட்டனர்.

வயதின் கொடுமையையும் சொல்லவேண்டும். 20 முதல் 29 வரை 110 புள்ளி. 30இல் இருந்து ஆண்டுதோறும் ஐந்து, ஆறு என்று தேய்ந்து 40இல் 50 ஆகி, 45இல் பூச்சியமாகின்றது. வளைகுடாவில் பத்தாண்டு உழைத்துவிட்டுப் பிறகு கனடாவைப் பார்ப்போம் என்பவன் இக்கணக்கை மறந்துவிடக்கூடாது.

விதிகள் அலைபோல் உயர்வதும் தாழ்வதும் உண்டு. 2021 பெப்ரவரி 13ஆந் தேதி, கொள்ளைநோயினால் எல்லைகள் மூடிக்கிடந்த காலத்திலே, உள்ளேயிருந்தவர்களைக்கொண்டு எண்ணிக்கையை நிரப்ப எண்ணிய கனடா, வெறும் 75 புள்ளி பெற்றவரையும் அழைத்தது. ஒரே நாளில் 27,332 பேர்! அன்று வரிசையில் பெயர் பதிந்திருந்தவன் பிழைத்தான். 'எனக்கெங்கே கிடைக்கப்போகிறது' என்று பதியாமல் இருந்தவன் தவறவிட்டான். அத்தகைய நாள் மீண்டும் வரும் என்று சொல்ல நான் சோதிடன் அல்லேன்.

இவ்வகுப்பிலே ஏழைக்கு அனுகூலமான ஒன்றும் உண்டு. வெளியிலிருந்து நேரே வரும் திறன் தொழிலாளர் வகுப்பினர், வேலை வாய்ப்பு இல்லாவிடில், குடியேறிய பின் வாழ்வதற்கான பணம் வங்கியில் இருப்பதைக் காட்டவேண்டும். கனடிய அனுபவ வகுப்பினருக்கு அந்நிபந்தனை இல்லை. உழைத்த கைதான் அவர்களின் வங்கி.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவுஸ்திரேலியாவிலே 2024 டிசெம்பர் 7இல் பழைய தற்காலிகத் தொழில் விசா மாற்றப்பட்டுப் புதிய திறன் விசா வந்தது. பட்டியலிலுள்ள தொழிலில் அனுமதி பெற்ற முதலாளியிடம் இரண்டாண்டு உழைத்தவரை அம்முதலாளி நிரந்தர வதிவிடத்துக்குப் பெயர் குறிக்கலாம். இங்கிலாந்திலே திறன் தொழிலாளர் ஐந்தாண்டின் பின் நிரந்தர வதிவிடம் கோருவது வழக்காயிருந்தது. 2025 மே மாத வெள்ளை அறிக்கை அதனைப் பத்தாண்டாக்க முன்மொழிந்தது. அதனினும் பெரிய அடி, 2025 யூலை 22 முதலாகப் பட்டதாரி நிலைக்குக் கீழ்ப்பட்ட தொழில்களிற் பெரும்பாலானவற்றுக்குப் புதிதாக ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டமை. சமையலும் அதிலே அடிபட்டது.

யப்பானைப் பற்றி மட்டும் சற்று அதிகமாகச் சொல்லவேண்டும். ஏனெனில் எங்கள் இளைஞர் இப்பொழுது அப்பக்கமே நோக்குகின்றனர். 2019 ஏப்ரிலில் அந்நாடு 'குறித்த திறன்' என்ற விசாவை ஏற்படுத்தி, அவ்வாண்டு யூனில் இலங்கையோடு உடன்படிக்கையும் செய்துகொண்டது. உணவுச்சேவையும் தங்குமிடத் தொழிலும் அதில் அடங்கும். முதல் வகை ஐந்தாண்டுக்கு மேற்படாது; மனைவி மக்களை அழைக்க முடியாது. இரண்டாம் வகைக்குக் கடுமையான பரீட்சை உண்டு; அதைப் பெற்றவர் காலவரையின்றிப் புதுப்பிக்கலாம், குடும்பத்தையும் அழைக்கலாம். நிரந்தர வதிவிடத்துக்குப் பொதுவாகப் பத்தாண்டு வாசம் வேண்டும். அதிலே ஐந்தாண்டு தொழில் விசாவில் இருந்திருக்கவேண்டும். அந்த ஐந்திலே முதல் வகைக் காலம் சேராது! 'ஐந்தாண்டு இருந்தேன், பாதி வந்துவிட்டேன்' என்று எண்ணுபவனுக்கு இவ்விதி இடியோசையாய்க் கேட்கும்.

புறப்படுமுன் வீட்டிலே செய்யவேண்டியவை

பாசிக்குடாவிலே பெற்ற அனுபவத்துக்கு வெளியே மதிப்பு உண்டு என்பதை மேலே புள்ளிகளிற் கண்டோம். அந்த மதிப்பு வாயால் சொன்னால் வராது. நான் முன்னே கூறிய மலையகத் தொழிலாளரின் கதையை இங்கே பொருத்திக்கொள்ளுங்கள். ஹோட்டலை விட்டு நீங்கும்போது, அதன் கடிதத் தாளிலே, வேலைப் பெயர், செய்த கடமைகள், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம் எவ்வளவு என்று எழுதி முகாமையாளர் கையொப்பமிட்ட சேவைக் கடிதம் வாங்கவேண்டும். 'இவர் நல்லொழுக்கம் உடையவர். இவருக்கு எல்லா வெற்றியும் கிட்டுக' என்று மட்டும் எழுதிய கடிதம் சுவரில் மாட்டுவதற்கே உதவும். சம்பளச் சீட்டுகளையும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கையும் பத்திரப்படுத்தினால் அவை கடிதத்துக்குச் சாட்சி சொல்லும். எங்கள் கரையிலே பருவகாலத்தில் மட்டும் வேலை செய்பவர் பலர். வெளியிலிருந்து நேரே விண்ணப்பிக்கும் வகுப்பிலே ஓராண்டு இடைவிடாத அனுபவம் கேட்கப்படுகின்றபடியால், நான்கு பருவத்திலே துண்டு துண்டாய்ச் செய்த பன்னிரண்டு மாதத்தை ஓராண்டென்று காட்ட இயலாது.

அடுப்படியிலேயே தொழில் பழகியவர், பாடசாலையில் பயிலாதிருந்தாலும், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையிலே பரீட்சிக்கப்பட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். இதனை எங்கள் பிள்ளைகளிற் பலர் அறியார்.

பண விஷயத்தில் பெற்றோர் விழிப்பாயிருத்தல் அவசியம். கனடாவில் அயல்நாட்டாரை வேலைக்கு எடுக்கும் முதலாளி, பெரும்பாலான சந்தர்ப்பங்களில், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டும் தொழிற்சந்தை மதிப்பீட்டைப் பெறவேண்டும். அதற்கு ஒரு பதவிக்கு 1,000 கனடிய டொலர் கட்டணம். அதைச் செலுத்தவேண்டியவர் முதலாளி. தொழிலாளியிடம் அறவிடுவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் அக்கடிதமே இலட்சக்கணக்கில் விலைபேசப்பட்டது. வேலைவாய்ப்புக் கடிதத்துக்கு வழங்கிவந்த மேலதிகப் புள்ளிகளைக் கனடா 2025 மார்ச் 25 முதல் நீக்கியதற்கு இந்த வியாபாரமும் ஒரு காரணம். இன்னும் அந்தப் புள்ளியைச் சொல்லிப் பணங்கேட்கும் முகவர் வந்தால், அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். முகவர் அனுமதிப் பத்திரம் உடையவர்தானா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்கலாம்; அதன் தொலைபேசி இலக்கம் 1989.

மாணவனாகச் சென்று பின்னர் தொழிலாளனாக மாறுவோம் என்று எண்ணுபவர்க்கும் ஒரு சொல். 2024 நவம்பர் 1 முதலாகக் கனடாவிலே பல கல்லூரிப் பாடநெறிகள் படிப்புக்குப் பிந்திய தொழில் அனுமதிக்கு இடந்தருவதில்லை. குறித்த சில துறைகளுக்கே அது உண்டு. காணியை ஈடுவைத்துக் கட்டணம் செலுத்துமுன் அந்தப் பாடநெறி அத்துறைகளுள் அடங்குமா என்று எழுத்திலே கேட்டறியுங்கள்.

குடும்பத்தையும் மறந்துவிடலாகாது. தற்காலிகத் தொழிலாளரின் மனைவிக்குத் தாராளமாய்க் கொடுக்கப்பட்ட திறந்த தொழில் அனுமதி 2025 ஜனவரி 21 முதல் உயர்படித் தொழில்களுக்கும் தெரிந்தெடுத்த சில துறைகளுக்கும் என்று சுருக்கப்பட்டது. ஆகையால் கலியாணம் முடித்த மறுமாதம் புறப்படும் மாப்பிள்ளை, இரண்டு மூன்று ஆண்டு தனிமைக்கு ஆயத்தமாகவே புறப்படவேண்டும். பெண்வீட்டார் இதனைக் கலியாணப் பேச்சின்போதே கேட்டுவிடுவது நல்லது. 'மாப்பிள்ளை கனடா' என்ற இரு சொல்லுக்குள்ளே எந்த அனுமதி, எந்தப் படி, எத்தனை மணித்தியாலம் என்ற வினாக்கள் ஒளிந்திருக்கின்றன. சாதகம் பார்க்கும் வீட்டார் இதையும் ஒருமுறை பார்க்கலாமே!

நிரந்தர வதிவிடம் கிடைத்தபின்னும் அப்பெயரிலுள்ள 'நிரந்தரம்' முழுமையானதன்று. ஐந்தாண்டுக்குள் 730 நாளாவது கனடாவிலே இருக்கவேண்டும். பிரசாவுரிமைக்கோ ஐந்தாண்டில் 1,095 நாள் வேண்டும். தற்காலிக அனுமதியோடு இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக, 365 நாள் வரை அதிலே சேர்க்கப்படும். இலங்கை 1987ஆம் ஆண்டு முதலாக இரட்டைப் பிரசாவுரிமைக்கு இடமளித்து வருவதால், அதுவரை பொறுத்திருந்தவன் அனுமதி பெற்று இரு நாட்டுக் கடவுச்சீட்டையும் வைத்துக்கொள்ளலாம்.

கனடாவிலே நாலைந்து ஆண்டு செஃபாக இருந்துவிட்டு, கல்குடா வீதியிலே சொந்தமாய் ஓர் உணவுச்சாலை திறக்கவேண்டும் என்று கனவு காணும் பழைய மாணவன் ஒருவன் சென்ற ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தமாட வந்திருந்தான். இடம்கூடப் பார்த்துவிட்டான். பிரசாவுரிமைக்கு இன்னும் நானூறு நாள்வரை இருக்கவேண்டுமாம். விரலை மடித்து எண்ணிச் சொன்னான். அந்தக் காணியின் சொந்தக்காரர் நானூறு நாள் காத்திருப்பாரா என்பதே அவனுடைய கவலை.